அறுபத்திரண்டாவது ஷோ

ஜோஷ்வாவுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து கிடையாது. அரசியல் பேசினால் கொட்டாவி விடுவான். கிரிக்கெட் என்றால் எழுந்து போய்விடுவான். ராக் கச்சேரி பற்றி மட்டும் அவனிடம் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தவர்கள் தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு வரை தப்ப முடியாது, பெருங்களத்தூரில் இறங்க வேண்டியவர்களாக இருந்தாலும்.

மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான வளையங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆமாம், ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைகளில், ஒருமுறை வாசித்ததை மறுமுறை அப்படியே வாசிக்காத ஆட்களைத் தேடிப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஸ்டூடியோவில் பதிவு செய்த பாட்டு ஆதார் அட்டைப் படம் மாதிரி என்பது அவன் கட்சி. ஆள் அதுதான், சந்தேகமில்லை, ஆனால் அதைப் பார்த்து யாரும் காதலித்ததாகத் தகவல் இல்லை. கடற்கரைச் சாலையில் நடக்கும் பெரிய கச்சேரிகளையும் அவன் ஒப்புக்கொள்வதில்லை. கையில் பட்டை கட்டிக்கொண்டு, தங்கம் வெள்ளி என்று டிக்கெட் விலைப்படி பிரித்த வேலிகளுக்குள் நின்று, கடைசியில் எல்லாரும் பார்ப்பது திரையைத்தான். திரை பார்க்க வீட்டில் டிவி இருக்கிறது, பக்கத்தில் பாத்ரூமும் இருக்கிறது. பாட்டு முடிவதற்குள் கைதட்டுகிறவனைப் பற்றிக் கேட்டால் அவன் முகமே மாறிவிடும். கல்யாணப் பந்தியில் ஒருவன் இன்னும் ரசத்தையே தாண்டியிருக்க மாட்டான், அதற்குள் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒருவன் நிற்பானே, அவனும் இவனும் ஒரே சாதி என்பான்.

அவன் மதிப்பது ஜாம் பேண்டுகளை மட்டும்தான். ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள். நடுவில் பாட்டைக் கைவிட்டு, அவரவர் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ போவார்கள். எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. வழி தொலையும். பிறகு எப்படியோ திரும்பி வந்து, விட்ட வரியிலேயே பாட்டைப் பிடிப்பார்கள். அந்தத் தொலைந்த நேரம்தான் சங்கீதம், மற்றதெல்லாம் போக்குவரத்து என்பது ஜோஷ்வாவின் முடிவு. ஒவ்வொரு ஷோவிலும் தொலைந்த நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிவைக்க அவனிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது.

அந்த நோட்டு முழுக்க ஒரே பேண்டுதான்: ஸ்லோ லோக்கல். கிட்டார் வினிதா, கீபோர்டு சவுரிமுத்து, டிரம்ஸ் தட்சிணாமூர்த்தி. மூன்று பேரும் ஊரப்பாக்கத்தில் ஒரே ஜெபக்கூடத்தில் வாசித்துப் பழகியவர்கள். தட்சிணாமூர்த்தி வீட்டில் முருக பக்தர்கள். ஆனால் டிரம் செட் இருந்தது ஜெபக்கூடத்தில். தென்சென்னையில் ஜாம் பேண்டு பிறந்ததே ஜெபக்கூடத்தில்தான் என்று ஜோஷ்வா அடித்துச் சொல்வான். பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தும்வரை கீபோர்டுக்காரன் கையை எடுக்க முடியாது. பாஸ்டர் எப்போது நிறுத்துவார் என்பது பாஸ்டருக்கே தெரியாது. பத்து வயதிலிருந்து அப்படி வாசித்தவர்களுக்கு நாற்பது நிமிடப் பாட்டு என்ன பெரிய விஷயம்?

ஆனால் அங்கே வளர்ந்ததில் ஒரு குறையும் இருந்தது. மூன்று பேருக்கும் ஆரம்பிக்கத் தெரியும், தொலையத் தெரியும், திரும்பி வரவும் தெரியும். முடிக்கத் தெரியாது. முடித்துவைத்தது ஞானையா. ஜெபக்கூடத்தில் சவுண்டு பார்த்த ஆறடி உயர மனிதர், பிறகு பேண்டுக்கும் அவர்தான் சவுண்டு. அரங்கத்தின் பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன் நிற்பார். போதும் என்று தோன்றும்போது வலது கையை மேலே தூக்குவார். மூன்று பேரும் நிறுத்துவார்கள். இது கேட்க வருகிறவர்களில் வேறு யாருக்கும் தெரியாது. ஜோஷ்வாவுக்குத் தெரியும். மிக்ஸர் பக்கத்தில்தான் சத்தம் சரியாகக் கேட்கும் என்ற கொள்கைப்படி, அறுபத்தொரு ஷோவிலும் அவன் நின்றது ஞானையாவின் வலது பக்கத்தில்.

"கை மேல போனா நிறுத்தணும், அவ்ளோதான் தம்பி," என்று ஒருமுறை ஞானையாவே சொன்னார். கீழே இறங்கினால் என்ன என்று ஜோஷ்வா கேட்கவில்லை. அவர் கை இறங்குவதை அவன் பார்த்ததும் இல்லை. அந்த நேரத்தில் அவன் குனிந்து, பாட்டு முடிந்த மணியை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பான்.

வைகாசியில் ஞானையா இறந்துபோனார். தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் வினிதா ஒரு பிடி மண் அள்ளிப் போட்டதை ஜோஷ்வா தள்ளி நின்று பார்த்தான். அவளிடம் போய் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தான். ரசிகன் என்பவன் வாசிப்பவர்களின் வழியில் குறுக்கே வரக் கூடாது என்பதும் அவன் கொள்கை. சொல்லவில்லை.

ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். மாடம்பாக்கத்தில் லோகநாயகி நடத்தும் மண்டபத்தில், ஒரு ஞாயிறு மதியம் ஸ்லோ லோக்கல் வாசிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அன்று சாயங்காலமே அதே மண்டபத்தில் ஜோஷ்வாவுக்கும் பிளஸ்ஸிக்கும் நிச்சயதார்த்தம். தேதி எப்படி இவ்வளவு கச்சிதமாக அமைந்தது என்று பிளஸ்ஸி கேட்டபோது, தேவன் அமைத்துக் கொடுத்தார் என்று சொல்லியிருந்தான். உண்மையில், அறிவிப்பைப் பார்த்த பத்தாவது நிமிடம் லோகநாயகிக்குப் போன் செய்தது அவன்தான். ஷோ இரண்டிலிருந்து ஐந்து. நிச்சயம் ஆறரை. நடுவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும்.

இரண்டு இருபதுக்கு ஆரம்பித்தார்கள். எடுத்த எடுப்பிலேயே ‘கேட் போட்டாச்சு’. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டவனின் பாட்டு அது. அதில் இதுவரை அவர்கள் அதிகபட்சமாகத் தொலைந்தது நாற்பத்தொரு நிமிடம். வந்திருந்தது வழக்கமான கூட்டம், பத்தொன்பது பேர். வாடகைக்கு வந்த சவுண்டுக்காரன் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். மிக்ஸருக்கு முன்னால் யாரும் இல்லை. ஜோஷ்வா வழக்கம்போல அதன் வலது பக்கத்தில் நின்றான்.

மூன்று பத்துக்கு, நாற்பத்தொன்று என்ற பழைய கணக்கை நோட்டில் அடித்தான். மூன்றரைக்கு, இப்படி ஒன்றை இனி கேட்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வினிதாவின் கிட்டார் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அதற்கு அர்த்தம் வேறாக இருந்தது. சவுரிமுத்துவின் இடது கை வாசித்த கீழ்ச்சுரங்கள் தரைக்குக் கீழே எங்கேயோ நடந்துகொண்டிருந்தன.

மூன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறிகள் தளர்ந்து, ஒவ்வொன்றாக நின்றன. பாட்டு நிற்கவில்லை.

ஜென்செட் போட்டிருப்பார்கள் என்று ஜோஷ்வா நினைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து லோகநாயகி முந்தானையால் விசிறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தம்பி, கரண்ட் போயி அரை மணி நேரம் ஆவுது. டீசல் வாங்க ஆளு போயி கீறான், இன்னும் வர்ல. ஜென்செட்டு சும்மா குந்தினு கீது. அப்புறம் இது இன்னாத்துல கத்தினு கீது?"

"பேட்டரி இருக்கும்க்கா."

"எங்க கீது?"

ஜோஷ்வா குனிந்து பார்த்தான். மிக்ஸரில் வழக்கமாக எரியும் பச்சைப் புள்ளிகள் ஒன்றுகூட எரியவில்லை. பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் துணியில் கை வைத்துப் பார்த்தான். பூனையின் வயிறு மாதிரி உள்ளே ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. லோகநாயகி ஒரு நிமிடம் நின்று கேட்டாள். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டீசலைப் பற்றி அவள் அதற்கப்புறம் பேசவே இல்லை.

அவளையும் சேர்த்து இருபது பேரும் ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் ஒருவர்கூடத் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. ஒருவர்கூடப் பாத்ரூமுக்கு எழவில்லை. போனில் படம் பிடிக்கக்கூட ஆள் இல்லை. ஒரு சபை எப்படி இருக்க வேண்டும் என்று ஜோஷ்வா ஆறு வருடமாகச் சொல்லிவந்தானோ அப்படியே இருந்தது. அவன் மட்டும் ஆடாமல் நோட்டில் மணி எழுதிக்கொண்டிருந்தான்.

பிறகுதான் மேடையைச் சரியாகப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பேர் முகங்களும் வியர்வையில் வெளிறிக் கிடந்தன. வினிதாவின் விரல் நுனி கிழிந்து, கிட்டாரில் சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. சவுரிமுத்துவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடவில்லை. போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று பேர் கண்ணும் மிக்ஸர் பக்கம், ஜோஷ்வாவின் தலைக்குச் சற்று மேலே.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் ஒரு கைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவன். தூக்கினால் முடிந்துவிடும்.

தூக்கினால் இந்தச் சங்கீதமும் முடிந்துவிடும். உலகத்தில் எந்த பேண்டும் இவ்வளவு தூரம் போனதில்லை. குறுக்கே வரக் கூடாது என்ற கொள்கையும் கைவசம் இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஐந்து ஐந்தாக ஒன்றரை மணி நேரம் போனது.

ஆறு மணிக்கு உறவுக்காரர்கள் தட்டும் பழமுமாக வந்தார்கள். என்ன சத்தம் இது என்று வாசலில் முகம் சுளித்தவர்கள், உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தலையாட்டத் தொடங்கினார்கள். மடியில் வைத்த தட்டிலிருந்து ஆப்பிள்கள் உருண்டு விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஆடாமல் வந்தவள் பிளஸ்ஸி ஒருத்திதான். அரக்குப் பட்டுப் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நடுவழியில் நேராக மிக்ஸருக்கு வந்தாள். அவளுக்கு இருந்த கோபத்தில் எந்த இசையும் அவளை அண்டவில்லை.

"ஜோஷ்வா, மணி என்ன?"

"ஆறு பத்து."

"நிச்சயம் எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு."

"யாருக்கு?"

"நமக்கு."

"பரவால்லயே, ஞாபகம் இருக்கு. நிறுத்தச் சொல்லு."

"பாதியில நிறுத்தக் கூடாது பிளஸ்ஸி. பாட்டுல கேட் இன்னும் தொறக்கல."

"எங்கம்மாவப் பாரு."

அவள் அம்மா ஷீலா கணக்கு டீச்சர். கீர்த்தனை தவிர எல்லாப் பாட்டுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் இரைச்சல். இப்போது மூன்றாவது வரிசையில், வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஆடிக்கொண்டிருந்தது.

"ரசிக்கிறாங்க," என்றான்.

"கண்ணு சிமிட்டாம ரசிக்கிறாங்களா? வந்ததுலேர்ந்து ஒருத்தரும் சிமிட்டல." குரோம்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் கண் பரிசோதிப்பது பிளஸ்ஸியின் வேலை. ஒரு நாளைக்கு எண்பது ஜோடிக் கண் பார்ப்பவள். "அந்தப் பொண்ணு கையில ரத்தம் வருது. உனக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது."

"எவ்ளோ நேரமா?"

ஜோஷ்வா நோட்டைப் பார்த்தான். "நாலு இருபத்தஞ்சுலேர்ந்து."

பிளஸ்ஸி நோட்டை வாங்கினாள். நான்கு இருபத்தைந்து, இடது ஆள்காட்டி விரல், ரத்தம் என்று அவன் கையெழுத்தில் அழகாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதி வச்சிருக்க," என்றாள்.

"ஆமா."

"ஆறரை வரைக்கும் நிக்கறேன். அப்புறம் எங்கம்மாவ இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். என் பின்னாடி வராத. இதோட ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல." சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

ஆறு இருபத்தெட்டு வரை கேட்டான். கிட்டார் அந்தச் சின்ன வாக்கியத்தை இன்னொருமுறை சொன்னது. இந்தமுறை அதற்கு என்ன அர்த்தம் என்று கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது; இன்னும் ஒரே ஒரு சுற்று கேட்டால் போதும். பக்கத்தில் பிளஸ்ஸி புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தாள், கிளம்புகிறவள் பிடிக்கிற மாதிரி.

ஜோஷ்வா வலது கையைத் தூக்கினான்.

பாட்டு நின்றது. அடி பாதியில், குச்சி தோலைத் தொடுவதற்கு ஒரு விரல் முன்னால் நின்றது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் சேலையூர் சேலையூர் என்று கூவுவது கேட்டது. கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கண் சிமிட்டினார்கள். ஷீலா டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மேடையில் மட்டும் யாரும் அசையவில்லை. மூன்று பேரும் வாத்தியத்தில் வைத்த கையை எடுக்காமல், மிக்ஸர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஷ்வாவின் கை மேலேயே இருந்தது. இறக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. மறுபடி ஆரம்பித்தால்? ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே ஒரு சந்தோஷமும் இருந்ததை மறைக்க முடியாது. ஆறு வருடம், அறுபத்திரண்டு ஷோ. முதல்முறையாக ஸ்லோ லோக்கல் அவனைப் பார்க்கிறது.

மாப்பிள்ளை ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்பது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. நிச்சயத்தை நடத்திவைக்க வந்திருந்த பாஸ்டர் ஜெபகுமார் நெகிழ்ந்தே போனார். "தம்பி ஜெபத்துல நிக்கறாரு. தொந்தரவு பண்ண வேணாம். நாம அவர்கிட்ட போயிடுவோம்," என்றார். நாற்காலிகள் மிக்ஸரை நோக்கித் திரும்பின. உறவுக்காரர்களில் பாதிப்பேர் தாங்களும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டார்கள். ஜெபம் பதினைந்து நிமிடம் நடந்தது. ஜோஷ்வாவுக்குத் தோள்பட்டை எரிந்தது.

மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. இடது கையால் தட்டித் தடவி அவன் பிளஸ்ஸிக்குப் போட்டுவிட்டான். அவன் மோதிர விரல் பிளஸ்ஸிக்கு எட்டவில்லை.

"எறக்கு," என்றாள், உதடு அசையாமல்.

"முடியாது. எறக்கினா மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கன்னா?"

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சிரிப்புச் சத்தம் எழுந்தது. மோதிரத்தை அவன் விரலுக்குக் கொண்டுபோனவள், மேடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஜோஷ்வா. அவங்க உன் கையப் பாக்கல."

"பாக்கறாங்க பிளஸ்ஸி."

"இல்ல. ஒரு சாண் தள்ளி. உனக்கு இடது பக்கம், இன்னும் கொஞ்சம் மேல."

"மூணு பேருமா?"

"மூணு பேரும். ஒரே எடம்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"என் வேலையே இதுதான்." அவள் குரல் இறங்கியது. "நீ திரும்பாத."

"அங்க யாராவது..."

"யாரும் இல்ல. திரும்பாதன்னு சொன்னேன்ல."

மிக்ஸருக்கு நேர் முன்னால் இருக்கும் அந்த இடத்தை ஜோஷ்வா பார்க்கத் தேவையில்லை. அறுபத்தொரு ஷோவாக அவன் இடது தோளுக்குத் தெரிந்த இடம். ஆடிப் புழுக்கத்தில் அந்தப் பக்கக் காது மட்டும் குளிர்ந்திருந்தது. மெதுவாகக் கையை இறக்கினான். நெற்றி, தோள், மார்பு. ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. அவன் கை மேலே இருந்ததும் கீழே வந்ததும் மேடைக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக இருந்தது. பிளஸ்ஸி நாற்காலியிலிருந்து இறங்கி மோதிரத்தைப் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். சற்று நேரம் கழித்து மேடையில் மூன்று பேரும் யாருக்கோ தலையசைத்துவிட்டு, வாத்தியத்திலிருந்து கையை எடுத்தார்கள்.

கரண்ட் இன்னும் வரவில்லை. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் எமர்ஜென்சி விளக்கு வைத்துப் பிரியாணி பரிமாறினார்கள். அவனும் பிளஸ்ஸியும் சாப்பிட உட்காரப் போகும்போது வினிதா வந்தாள். விரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தாள்.

"அண்ணா, நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"நான்தான் மாப்ள," என்றான் ஜோஷ்வா.

"ஐயோ, சாரிண்ணா. கங்கிராட்ஸ். உங்க ஃபங்ஷன லேட்டாக்கிட்டோம்."

"பரவால்லமா. இன்னிக்கு ஏன் இவ்ளோ நேரம்?"

"ஞானையா அண்ணன் வர லேட்டாயிடுச்சு."

"அவரு... வைகாசியில..."

"தெரியும்ணா. மண்ணு போட்டேன்ல." வினிதா ஒரு காலித் தட்டை எடுத்தாள். "அதான் லேட்டு. அவருக்கு ஒரு பிளேட் எடுத்துக்கறேன், பரவால்லயா? தயிர் பச்சடி வேணாம், அவருக்கு ஆகாது."

பிரியாணி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இருட்டுக்குள் போனாள். ஜோஷ்வா பிளஸ்ஸியைப் பார்த்தான். பிளஸ்ஸி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் உட்காரவில்லை.

"நான் கையத் தூக்கினது யாருக்குமே தெரியாது," என்றான் ஜோஷ்வா.

"எனக்குத் தெரியும்," என்றாள் பிளஸ்ஸி. "ரெண்டு மணி நேரம் லேட்டாத் தூக்கின. அதுவும் தெரியும்."

வினிதா திரும்பி வந்தாள். தட்டு காலி. எலும்பு மட்டும் ஓரமாக, சுத்தமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

"இன்னொரு லெக் பீஸ் கேக்கறாரு," என்றாள்.

பரிமாறுகிறவர் கரண்டியை அண்டாவிலேயே நிறுத்தினார். "யாரும்மா அது, மேல குந்திகினு ஆர்டர் போடறது? பந்திக்கு வராத ஆளுக்கெல்லாம் ரெண்டாவது பீஸ் வைக்க முடியாது. பொண்ணு வீடா, மாப்ள வீடா, அதச் சொல்லு மொதல்ல."

வினிதா விழித்தாள். ஜோஷ்வா தரையைப் பார்த்தான். பிளஸ்ஸி வினிதாவின் கையிலிருந்து தட்டை வாங்கி அண்டாவுக்கு நேராக நீட்டினாள்.

"மாப்ள வீடு," என்றாள். "வைங்க."